லேட்டா வந்த டீமுக்கு பத்து நிமிஷம் குடுத்தா அது யாரோட பத்து நிமிஷம்? ஆன்லைன் குவாலிஃபையர்ல ரூல் பாத்த அனுபவம்

வீடியோ கேம் டோர்னமெண்ட்டோட குவாலிஃபையர்ல, அதாவது மெயின் போட்டிக்கு டீம் தேர்வு பண்ற ரவுண்டுல, ரூல் பாக்கற அட்மினா இருக்கேன்னு சொன்னா எல்லாரும் கேக்கற முதல் கேள்வி "எத்தன ஹேக்கர புடிச்சீங்க"ங்கறதுதான். எய்ம்பாட் (தானா குறி வைக்கற சாஃப்ட்வேர்), வால்ஹேக் (சுவருக்கு பின்னாடி இருக்கற எதிரிய காட்டறது) மாதிரி பெரிய திருட்ட தேடறதுதான் எங்க முழுநேர வேலைன்னு ஒரு நினைப்பு. டீம்கள் புகாரும் கோரிக்கையும் போடற டிக்கெட் பாக்ஸ தொறந்து பாத்தா அங்க வர்றதே வேற. செக்-இன் (வந்துட்டோம்னு டைமுக்குள்ள பதிவு பண்றது) மிஸ் ஆயிடுச்சு ப்ளீஸ், எங்க சப் (மாற்று ப்ளேயர்) பேர் ரோஸ்டர்ல (டீம் ப்ளேயர் லிஸ்ட்ல) இல்ல ஆனா அவன்தான் ஆடணும், எதிர் டீம் பாஸ் போட்டுட்டு காணோம், எங்களுக்கு பிங் (நெட் தாமதம்) எகிறுது சர்வர மாத்துங்க, நாங்க அனுப்புன ஸ்கோர் ஒண்ணு அவங்க அனுப்புன ஸ்கோர் ஒண்ணு. இதுதான் நாள் முழுக்க.

இது எங்க அனுபவம் மட்டும் இல்ல. 2019 ஏப்ரல்ல ஃபோர்ட்நைட் வேர்ல்ட் கப்புக்கு ஓபன் குவாலிஃபையர் ஆரம்பிச்சாங்கல்ல, முதல் வாரம் முடிஞ்சதும் அந்த கேம உருவாக்குன எபிக் கேம்ஸே ஒரு கணக்கு வெளியிட்டாங்க. ஒரு ரீஜன்ல மட்டும் தான் ஆடலாம்ங்கற ரீஜன் லாக்க ஏமாத்தி வேற ரீஜன்லயும் போய் ஆடுனதுக்கு மட்டும் 1,163 அக்கவுண்டுக்கு பேன், அதுல பரிசு வாங்கற எடத்துல இருந்த 196 பேருக்கு பரிசும் போச்சு. அக்கவுண்ட்ட இன்னொருத்தருக்கு குடுத்து ஆட வச்சதுக்கு 48. சீட், அதாவது ஏமாத்தற சாஃப்ட்வேருக்கு ஒண்ணே ஒண்ணு. புடிபட்டது தானே இவ்ளோ, புடிபடாதது எவ்ளோன்னு கேப்பீங்க, கேள்வி சரிதான், ஆனாலும் அந்த விகிதத்த பாருங்க. பெரிய திருடன் ஒருத்தன்னா சின்ன வளைப்பு ஆயிரத்துக்கு மேல. ஒரு குவாலிஃபையர் நியாயமா நடந்துச்சா இல்லையாங்கறது அந்த சின்ன வளைப்புல அட்மின் எப்படி நின்னார்ங்கறதுல தான் இருக்கு.

நான் அட்மின் பக்கம் வர்றதுக்கு முன்னாடி ஒரு சின்ன டீமுக்கு கேப்டனா ஆடிட்டு இருந்தேன். அப்ப ஒரு குவாலிஃபையர்ல நாங்க அஞ்சு பேரும் டைமுக்கு லாபில (மேட்ச்சுக்கு முன்னாடி காத்திருக்கற ஆன்லைன் ரூம்ல) உக்காந்துட்டோம், எதிர் டீம் வரல. ரூல்புக்ல 15 நிமிஷம் காத்திருந்து வரலன்னா டீஃபால்ட் வின்னு தெளிவா இருக்கு. 15 ஆச்சு, அட்மின்கிட்ட சொன்னோம், "வந்துட்டே இருக்காங்களாம் கொஞ்சம் பொறுங்க"ன்னார். 20 தாண்டிருச்சு. எதிர் டீம் கொஞ்சம் பேர் போன டீம், ஸ்ட்ரீம்ல அவங்களுக்கு ஆள் வருவாங்க, அது எங்களுக்கும் தெரியும் அட்மினுக்கும் தெரியும். கடைசில வந்தாங்க, ஆடுனாங்க, எங்கள அடிச்சு வெளிய அனுப்புனாங்க. நல்லா தான் ஆடுனாங்க, அதுல சந்தேகமே இல்ல. ஆனா ரூல பத்தி சாட்ல ஒரு வரி எழுதுனதுக்கு உடனே பதில் வந்துச்சு, "ஆட தெரியாதவன்தான் ரூல் பேசுவான்". இந்த வசனத்த அப்புறம் நூறு தடவ வேற வேற வாயில கேட்டாச்சு.

அன்னிக்கு எனக்கு கோவம் எதிர் டீம் மேல தான் இருந்துச்சு. அட்மின் சீட்ல உக்காந்த பிறகு தான் அந்த சீன்ல நடந்தது முழுசா புரிஞ்சுது. சலுகை கேக்கறவங்க எப்பவும் நம்ம கண்ணு முன்னாடி இருக்காங்க, டிஎம்ல (தனி மெசேஜ்ல) கெஞ்சறாங்க, காரணம் சொல்றாங்க, கரண்ட் போச்சுன்னு ஃபோட்டோ அனுப்பறாங்க, அவங்கள பாத்தா பாவமாவும் இருக்கும். அந்த சலுகைக்கு விலை குடுக்கறவங்க நம்மகிட்ட பேசறதே இல்ல. லாபில சூடா உக்காந்திருந்து ஆறிப் போற எதிர் டீம், இந்த மேட்ச் முடிஞ்சா தான் அடுத்த ரவுண்டுன்னு காத்திருக்கற டீம், எல்லாத்துக்கும் மேல வெயிட்டிங் லிஸ்ட் டீம். அவங்க டைமுக்கு செக்-இன் பண்ணிட்டு, யாராவது வரலன்னா ஸ்லாட் கெடைக்கும்னு அஞ்சு பேரையும் உக்கார வச்சு காத்துட்டு இருப்பாங்க. செக்-இன் முடிஞ்சப்பறம் லேட்டா வந்த டீம உள்ள விட்டா நான் குடுக்கறது என்னோட நல்ல மனசு இல்ல, அந்த வெயிட்டிங் லிஸ்ட் டீமோட ஸ்லாட். அவங்களுக்கு அது நடந்ததே தெரியாது, அதனால சண்டைக்கும் வர மாட்டாங்க. அட்மினுக்கு அதுதான் வசதி, அந்த வசதிதான் ஆபத்து.

அதனால எங்க அட்மின் டீம்ல முதல்ல பண்ண வேலை டிஎம்ம மூடினது. டோர்னமெண்ட் பத்தி எது கேட்டாலும் டிக்கெட்ல கேளுங்க, அது ரெண்டு டீம் கேப்டனுக்கும் தெரியற மாதிரி இருக்கும். ரெண்டாவது, லேட்டா நேரத்துலயான்னு முடிவு பண்றது நானோ நீங்களோ இல்ல, ப்ராக்கெட் டூல்ல (யார் யாரோட ஆடணும்னு அட்டவணை காட்டற சாஃப்ட்வேர்ல) இருக்கற கடிகாரம். எந்த டைம் ஸோன்னு கொட்ட எழுத்துல போடறோம், ஏன்னா "நாங்க எங்க ஊர் டைம்னு நினைச்சோம்"ங்கறது பாதி நேரம் நெசமான காரணம் தான். செக்-இன் மூடினதும் வெயிட்டிங் லிஸ்ட்ல யார் எந்த வரிசைல இருக்காங்கன்னு லிஸ்ட்ட வெளிய போட்டுடறோம். இத பண்ணதுக்கப்பறம் சலுகை கேக்கறது சட்டுனு கொறஞ்சிருச்சு, ஏன்னா கேக்கறவங்களுக்கே அடுத்து நிக்கற டீம் பேர் தெரியுது.

ஆடற டீமுக்கு ஒண்ணு சொல்லணும்னா, முந்தின நாள் ராத்திரி கேமையும் ஆன்டி-சீட் (சீட்ட புடிக்கற சாஃப்ட்வேர்) க்ளையன்ட்டையும் தொறந்து அப்டேட் இருக்கான்னு பாத்துருங்க, மேட்ச் டைம்ல டவுன்லோட் ஓடிட்டு இருக்கறது தான் லேட் ஆகறதுக்கு நம்பர் ஒன் காரணம். ரோஸ்டர்ல சப் ஸ்லாட் இருந்தா காலியா விடாதீங்க. ஆடவே மாட்டான்னு நெனைக்கற ஃப்ரெண்ட் பேரா இருந்தாலும் அவன்கிட்ட கேட்டுட்டு அவனோட சரியான ஐடியோட போட்டு வைங்க. ரோஸ்டர் லாக் ஆனப்பறம் நாலு பேரோட வந்து நிக்கற டீம எங்களால காப்பாத்த முடியாது.

ஆள் மாறாட்டம் தான் எனக்கு புடிக்காத கேஸ். அக்கவுண்ட் பேர் ரோஸ்டர்ல இருக்கறது தான், உள்ள உக்காந்து ஆடறவன் வேற. மேல் டிவிஷன்ல ஆடற ஒருத்தன் கீழ இருக்கற டீமுக்காக குவாலிஃபையர் மட்டும் ஆடி குடுத்துட்டு போவான். இத புடிக்க பெரிய டெக்னாலஜி எல்லாம் வேணாம், ஆடறவங்கள கேமரா ஆன் பண்ண சொன்னா போதும், மொபைல் கேம்னா ஹேண்ட்கேம் வைக்க சொல்றோம், கையும் ஸ்க்ரீனும் ஒண்ணா தெரியணும். ஆனா எப்படி கேக்கறோம்ங்கறதுல விஷயம் இருக்கு. ஒரு தடவ ஒரு டீமோட அஞ்சாவது ஆள் மேல எதிர் டீம் சந்தேகப்பட்டு டிக்கெட் போட்டாங்க, அவன் மட்டும் வாய்ஸ்ல வரவே மாட்டேங்கறான்னு. நாங்க அவன மட்டும் கேமரா போட சொல்லல, ரெண்டு டீம்லயும் பத்து பேரையும் போட சொன்னோம். புகார் குடுத்த டீம் தான் முதல்ல மொனகுனாங்க, "நாங்க எதுக்கு". சந்தேகத்துக்கு ஆளான பையன் வந்து உக்காந்தான், அவனே தான், மைக் ரிப்பேராம். அவன மட்டும் தனியா நிறுத்தி செக் பண்ணியிருந்தா அந்த மேட்ச் முழுக்க அவன் கை நடுங்கியிருக்கும். சோதனைன்னா ரெண்டு பக்கமும், இதுல விதிவிலக்கே கெடையாதுன்னு அன்னிலேர்ந்து வச்சிருக்கோம்.

டிஸ்கனெக்ட் விஷயத்துக்கு வருவோம், அதிக சண்ட இங்க தான். சிஎஸ் (கவுன்டர் ஸ்ட்ரைக்), வேலரன்ட் மாதிரி ரவுண்டு வச்சு ஆடற கேம்ல நெறய ரூல்புக்ல இருக்கற வழி என்னன்னா, ரவுண்டு ஆரம்பிச்சு யாருக்கும் டேமேஜ் விழறதுக்கு முன்னாடி ஒருத்தர் வெளிய போயிட்டா அந்த ரவுண்ட திரும்ப ஆடலாம், டேமேஜ் விழுந்துருச்சுன்னா ரவுண்டு அப்படியே எண்ணிக்கைல நிக்கும், அடுத்த ரவுண்டுக்கு முன்னாடி டெக்னிக்கல் பாஸ் எடுத்துக்கலாம். ஏன் டேமேஜ்? ஏன்னா அதுக்கப்பறம் ரீஸ்டார்ட் விட்டா, தோக்கப் போற ரவுண்டுல ஒருத்தன் வயர புடுங்கிடுவான். இந்த ரூல் இரக்கமில்லாத மாதிரி தெரியும், ஆனா இல்லன்னா ஆள ஆள் ஏமாத்த கதவு தொறந்து வச்ச மாதிரி. பேட்டில் ராயல்ல, அதாவது நெறய டீம் ஒண்ணா ஆடி கடைசி வரைக்கும் நிக்கறவங்க ஜெயிக்கற கேம்ல, இது கூட கெடையாது, ஒரே லாபில அத்தன டீம் இருக்கறப்ப ஒரு டீமோட நெட்டுக்காக எல்லாரையும் நிறுத்த முடியாது. அதனால அங்க ஒரே ஒரு மேட்ச வச்சு முடிவு பண்ணாம பல மேட்ச் பாயிண்ட்ட கூட்டி பாக்கறாங்க, ஒரு மேட்ச்ல அடிபட்டாலும் அடுத்ததுல எழுந்துக்கலாம். பெஸ்ட் ஆஃப் ஒன் (ஒரே ஆட்டத்துல முடிவு) நாக்அவுட்னு ஒரு குவாலிஃபையர் போட்டா அங்க ஒரு டிஸ்கனெக்ட் ஒரு டீமோட சீசனையே முடிச்சிரும், அது ரூல் பிரச்சனை இல்ல ஃபார்மட் பிரச்சனை, அத அட்மின் தலைல கட்டறது எனக்கு சரின்னு படல. ரிஜிஸ்டர் பண்றதுக்கு முன்னாடி டபுள் எலிமினேஷனா (ரெண்டு தடவ தோத்தா தான் வெளிய), ஸ்விஸ்ஸா (ஒரே அளவு ஜெயிச்ச டீம்கள் மோதறது), ஒரே தோல்வில வெளியவான்னு பாருங்க.

எதையும் நிறுத்தவே முடியாதுன்னும் இல்ல. 2024 மார்ச்ல ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் குளோபல் சீரிஸ்ல நார்த் அமெரிக்கா ஃபைனல் ஆன்லைன்ல நடந்துட்டு இருக்கப்ப வெளியாள் ஒருத்தன் ஹேக் பண்ணி ஆடிட்டு இருக்கற ப்ளேயர்ஸ் ஸ்க்ரீன்லயே சீட்ட ஆன் பண்ணி விட்டான், ஒருத்தருக்கு வால்ஹேக், இன்னொருத்தருக்கு எய்ம்பாட். அந்த ப்ளேயர்ஸ் கேட்டு வந்தது இல்ல, அவங்களே பதறிப் போயிட்டாங்க. ஃபைனல அப்படியே நிறுத்தி தள்ளி வச்சாங்க. அவ்ளோ பெரிய ஸ்டேஜ்லயே நிறுத்தறாங்கன்னா சின்ன குவாலிஃபையர்ல "டைம் இல்ல ஆடுங்க"ன்னு தள்றது எதுக்கு?

இப்ப ப்ரூஃப் பத்தி. நியாயம் உங்க பக்கம் இருந்தும் கேஸ் தோக்கறது இங்க தான், நெறய பாத்துட்டேன். லாபில எல்லா ப்ளேயர் பேரும் தெரியற மாதிரி மேட்ச் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு ஸ்க்ரீன்ஷாட், முடிஞ்சதும் ஸ்கோர்போர்டோட ஒண்ணு, மேட்ச் ஐடி, டெமோ (கேமே சேமிச்சு வைக்கற மேட்ச் ரெக்கார்டிங்) இருந்தா அதுவும். வெட்டாம முழு ஸ்க்ரீன் அனுப்புங்க, வெட்டுன படத்துல டைம் தெரியாது, அப்புறம் அது எந்த மேட்ச்னு நான் எப்படி நம்பறது? உங்க ஸ்க்ரீன லோக்கலா ரெக்கார்ட் பண்ற பழக்கம் ரொம்ப நல்லது, உங்க மேல புகார் வந்தாலும் அதுதான் காப்பாத்தும். டிக்கெட் எழுதறப்ப எந்த மேட்ச், எத்தனாவது ரவுண்டு, எந்த ரூல், என்ன வேணும்னு கேக்கறீங்க, இவ்ளோ தான். "இவனுங்க எப்பவும் இப்படித்தான்"னு மூணு பாரா எழுதி பத்து அட்மின டேக் பண்ணா படிக்கறதுக்குள்ள புகார் குடுக்கற டைம் முடிஞ்சிரும். பெரும்பாலும் அடுத்த ரவுண்டு ஆரம்பிக்கறதுக்குள்ள புகார் வரணும்னு இருக்கும், தோத்துட்டோமே பாப்போம்னு ராத்திரி யோசிச்சு காலைல போட்டா ப்ராக்கெட் எங்கயோ போயிருக்கும்.

பக் எக்ஸ்ப்ளாய்ட்ல (கேம்ல இருக்கற கோளாற சாதகமா யூஸ் பண்றது) புகார் போடறவங்களுக்கு ஒரு பழைய கதை. 2014 ட்ரீம்ஹேக் விண்டர், சிஎஸ்கோங்கற பழைய சிஎஸ் கேமோட பெரிய டோர்னமெண்ட்டான மேஜர், காலிறுதி. எல்டிஎல்சி டீம் ஓவர்பாஸ்ங்கற மேப்ல (ஆடற களம்) 13-3னு முன்னாடி போயிருச்சு. எதிர்ல ஆடுன ஃப்னாட்டிக் டீம் ஒருத்தன் மேல ஒருத்தன் ஏறி யாரும் எதிர்பாக்காத ஒரு எடத்துல ஆள நிறுத்தி, அங்கிருந்து பாதி மேப்ப பாத்து சுட்டு, 16-13னு ஜெயிச்சிட்டாங்க. எல்டிஎல்சி புகார் குடுத்தாங்க. இப்படி மேல ஏத்தி விடற பூஸ்ட்ல பிக்சல் வாக்கிங் இருக்கு, அதாவது கண்ணுக்கு தெரியாத விளிம்புல நிக்கறது, ரூல்படி தப்பு. சரி, ஆனா எல்டிஎல்சியும் அதே மேப்ல முன்பாதில ஒரு எடத்துல பிக்சல் வாக்கிங் பண்ணியிருக்காங்கன்னு எதிர் புகார் வந்து, அதுவும் உண்மைன்னு ஆச்சு. கடைசில மேப்ப முழுசா திரும்ப ஆடணும்னு முடிவாச்சு, ஃப்னாட்டிக் விலகிட்டாங்க, எல்டிஎல்சி போய் மேஜரையே ஜெயிச்சது. எனக்கு இதுல புடிச்சது முடிவு கூட இல்ல, எதிர் புகாரையும் அதே ரூல வச்சு பாத்தாங்க பாருங்க, அதுதான். புகார் குடுத்தவன் நல்லவன்னு முன்னாடியே முடிவு பண்ணல. அதனால புகார் போடறதுக்கு முன்னாடி உங்க டெமோவ நீங்க ஒரு தடவ பாத்துருங்க.

சீட்டிங் சந்தேகம்னு வந்தா, பத்து செகண்ட் க்ளிப்ப வச்சு யாரையும் வெளிய அனுப்ப மாட்டோம். நல்ல ப்ளேயர் சத்தம் கேட்டு சரியா எய்ம் வைக்கறது க்ளிப்ல பாத்தா வால்ஹேக் மாதிரியே தான் இருக்கும். டெமோ முழுசா பாக்கணும், ரெண்டு பேர் தனித்தனியா பாத்து அப்புறம் பேசணும், ஆன்டி-சீட் லாக் என்ன சொல்லுதுன்னு பாக்கணும். வேலரன்ட்டோட வான்கார்ட் மாதிரி கம்ப்யூட்டர் ஆன் ஆகறதுலேர்ந்து ஓடற ஆன்டி-சீட் இருக்கற கேம்ல எங்க வேலை கொஞ்சம் லேசு, ஆனாலும் எந்த ஆன்டி-சீட்டும் முழு சுவர் இல்ல. 2018 அக்டோபர்ல ஷாங்காய்ல எக்ஸ்ட்ரீம்ஸ்லேண்ட் லேன்ல (எல்லாரும் நேர்ல வந்து ஆடற போட்டி) ஆப்டிக் இந்தியா ப்ளேயர் ஒருத்தர் கம்ப்யூட்டர்ல "வேர்ட்.இஎக்ஸ்இ"ன்னு பேர் வச்ச சீட்டோட மாட்டுனத பாத்திருப்பீங்க. அட்மின் நேர்ல பக்கத்துல வந்து நின்னு செக் பண்ணப்ப தான் அது வெளிய வந்துச்சு. அவருக்கு எசிக்னு சொல்ற இன்டெக்ரிட்டி அமைப்பு அஞ்சு வருஷம் பேன் குடுத்துச்சு. டீம் டிஸ்க்வாலிஃபை ஆச்சு, அப்புறம் டீமையே கலைச்சிட்டாங்க. கூட ஆடுன நாலு பேர யோசிச்சு பாருங்க. கேப்டனா இருக்கறவங்க புது ஆள எடுக்கறப்ப எய்ம் மட்டும் பாக்காதீங்க, பழைய அக்கவுண்ட் எங்க, ஏன் மாத்துனன்னு கேளுங்க, கேக்கறதுல தப்பே இல்ல.

தண்டனை அளவு இன்னொரு தலவலி. எல்லாத்துக்கும் டிஸ்க்வாலிஃபைனு ஒரே கோடரி வச்சிருந்தா அட்மின் அத தூக்கவே பயப்படுவான், கடைசில எதுக்குமே தண்டனை இருக்காது. 2020ல சிஎஸ்கோ கோச் பக் வெளிய வந்தப்ப எசிக் 37 கோச்ச தண்டிச்சாங்க, அந்த பக்ல கோச் கேமரா மேப்ல ஒரு எடத்துல மாட்டி நின்னுரும், எதிர் டீம் நகர்றத அங்கிருந்து பாக்கலாம். அங்க எல்லாருக்கும் ஒரே தண்டனை குடுக்கல, எவ்ளோ நேரம் எத்தன தடவ யூஸ் பண்ணாங்கன்னு பாத்து அளவு வச்சாங்க, தானா வந்து ஒத்துக்கிட்டவங்களுக்கு கொறச்சாங்க. நாங்களும் அத பாத்து தான் ஒரு படிக்கட்டு எழுதி வச்சோம். லேட்டுக்கு மேப் இழப்பு வரைக்கும், ரோஸ்டர் பொய்க்கு மேட்ச் இழப்பு, ஆள் மாறாட்டத்துக்கு டோர்னமெண்ட்ட விட்டே வெளிய. எழுதி வச்சதால இப்ப அட்மினுக்குள்ள "இவங்க நல்ல பசங்கப்பா"ங்கற பேச்சுக்கு எடமே இல்லாம போச்சு.

ரூல்புக் சொல்லாத விஷயம் வரும், வந்தே தீரும். ஸ்னாப் டேப் கீபோர்ட் வந்தப்ப அப்படித்தான், ரெண்டு பக்க கீயையும் ஒண்ணா அழுத்துனா கடைசியா அழுத்துனத மட்டும் எடுத்துக்கும், சிஎஸ்ல கவுன்டர் ஸ்ட்ரேஃப் (சட்டுனு நின்னு சுடறதுக்கு எதிர் பக்க கீய அழுத்தறது) தானா சுத்தமா வந்துரும். 2024 ஆகஸ்ட்ல சிஎஸ்ஸ உருவாக்குன வால்வ் தங்களோட அஃபிஷியல் சர்வர்ல அத யூஸ் பண்ணா கிக் பண்ணுவோம்னு சொன்னாங்க. அதுக்கு முன்னாடி வரைக்கும் நெறய ரூல்புக்ல ஒரு வார்த்த கூட இல்ல. இந்த மாதிரி நேரத்துல நாங்க வச்சிருக்கற வழக்கம், மேட்ச் நடுவுல புது ரூல் போட மாட்டோம், நடந்தது நடந்ததா இருக்கட்டும், அடுத்த ரவுண்டுலேர்ந்து எல்லாருக்கும்னு அறிவிச்சு ஒரு நோட்ல எழுதி வச்சிருவோம். அந்த நோட் தான் எங்க சொத்து. போன குவாலிஃபையர்ல இதே கேள்விக்கு என்ன சொன்னோம்னு பாக்காம பதில் சொல்லவே கூடாது, ஏன்னா நம்ம மறந்திருவோம், தோத்த டீம் மறக்காது.

அட்மினோட ஃப்ரெண்ட் ஆடற டீம்னு வந்தா அந்த டிக்கெட்ட அட்மின் தொடக் கூடாது, ஃப்ரெண்டுக்கு எதிரா முடிவு எடுக்கறதுக்கும் சேத்து தான் சொல்றேன். தன் நேர்மைய காட்டணும்னே நண்பன கூடுதலா மிதிச்ச அட்மினயும் பாத்திருக்கேன். நடத்தறவங்களே சொந்த டீமும் வச்சிருக்கற டோர்னமெண்ட்னா அப்பீல் யார் கேப்பாங்கன்னு எழுத்துல கேட்டு வாங்கிட்டு ரிஜிஸ்டர் பண்ணுங்க, பதில் வரலன்னா அதுவே பதில்.

எங்க டீமுக்குள்ள இன்னிக்கு வரைக்கும் ஒத்துப்போகாத ஒண்ணு இருக்கு, தண்டனைய எவ்ளோ வெளிப்படையா போடறதுன்னு. பாதி பேர் டீம் பேர், ப்ளேயர் ஐடி, ப்ரூஃப் எல்லாத்தயும் போட்டாதான் மத்தவங்க நம்புவாங்கன்றாங்க. ஆடறவங்கள்ல நெறய பேர் பதினாறு பதினேழு வயசு, ஒரு தடவ ரோஸ்டர்ல பொய் சொன்னதுக்காக அந்த ஐடிய தேடுனா வருஷக்கணக்கா "சீட்டர்"னு வர்றது எனக்கு அதிகமா படுது. அதனால இப்போதைக்கு எந்த டீம், எந்த ரூல், என்ன தண்டனைங்கறது வரைக்கும் வெளிய போடறோம், ப்ளேயர் ஐடிய சம்பந்தப்பட்ட டீமுக்கும் அடுத்த டோர்னமெண்ட் அட்மினுக்கும் மட்டும் சொல்றோம். அடுத்த சீசனுக்கு முன்னாடி திரும்ப ஓட்டு போட போறோம், நான் தோத்தாலும் தோப்பேன்.